நகை: ஒரு சீன எழுத்தும் ஒரு தமிழ்ச் சொல்லும்

1. தோற்றுவாய்

சீன மொழியில் வாய்விட்டுச் சிரித்தலையும் இதழளவில் முறுவலித்தலையும் குறிக்கும் எழுத்து ஒன்றே. ‘சியாவ்’ என ஒலிக்கப்பெறும் அவ்வெழுத்து, பந்தியில் உரக்க நகைப்பாரையும் வாயிலில் நின்று முகமலர்ந்து வரவேற்பாரையும் ஒருங்கே சுட்டும். இரண்டிற்கும் இருவேறு சொற்களையுடைய மொழியின் வழியாகச் சீனம் கற்பார்க்கு இஃது ஒரு குறைபாடாகத் தோன்றக்கூடும். தமிழ் கற்றார்க்கோ இதிற் புதுமை யாதும் இல்லை. நகு என்னும் நம் பழைய வினையும் இவ்வாறே இரண்டையும் தழுவி நிற்பது.

ஆயினும் இவ்வொப்புமையைக் கண்டு வியந்து அமைதல் போதாது. நகை என்பது வருமிடந்தோறும் ‘சிரிப்பு’ என்றோ ‘புன்னகை’ என்றோ உரையெழுதிவிட்டு மேற்செல்லுதல் இன்று பதிப்பிலும் வகுப்பறையிலும் வழக்காகிவிட்டது. இவ்வழக்கத்தால் பாட்டின் பொருள் சிற்சில இடங்களிற் சிதைகின்றது என்பதும், சீன எழுத்தின் இயல்பை உடன்வைத்து நோக்கின் அச்சிதைவு தெளிவாகப் புலப்படும் என்பதுமே இக்கட்டுரையில் யாம் நிறுவப் புகுந்த கருத்துகளாம்.

நெரவியில் இருந்து எழுதும் எமக்குச் சீன எழுத்தைப் பற்றிப் பேச என்ன இயைபு என வினவலாம். நெரவிக்குத் தெற்கே, இருபது கிலோமீட்டருக்குள், நாகப்பட்டினம் உளது. வாங் தாயுவான் என்னும் சீனச் செலவினர் 1349 ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், இக்கரையில் செங்கல்லால் எழுந்த கோபுரம் ஒன்றையும், அது 1267 ஆம் ஆண்டிற்கு நேரான சீன ஆண்டில் முடிவுற்றது எனக் கூறும் சீனப் பொறிப்பையும் குறித்துள்ளார். நாகப்பட்டினத்தில் ஐரோப்பியர் ‘சீனக் கோபுரம்’ என வழங்கிய இடிபாடு 1867 இல் தகர்க்கப்படும்வரை நின்றிருந்தது. எனவே இக்கடற்கரைக்குச் சீன எழுத்து முற்றிலும் அயலானதன்று.

மற்றோர் இயைபும் உண்டு. 1739 முதல் 1954 வரை காரைக்கால் வட்டாரம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு மொழியிற் சிரித்தல் ‘ரீர்’ எனவும், முறுவலித்தல் ‘சூரீர்’ எனவும் வழங்கும். பின்னது, ‘கீழ்’ எனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டு முன்னதனோடு கூடிப் பிறந்தது. முறுவல் என்பது ‘அடங்கிய சிரிப்பு’ என்பதே அதன் கருத்து. வடமொழியிலோ ‘சுமி’, ‘அசு’ என வினையடிகள் இரண்டாகவே பிரிந்து நிற்கின்றன. இவற்றுள் எம்முறை சிறந்தது என்பது எம் வினா அன்று. ஒவ்வொரு முறையும் எதனை முதன்மையாகக் கொள்கின்றது என்பதே ஆராயத்தக்கது.

2. எழுத்தின் வரலாறு

இன்று எழுதப்படும் ‘சியாவ்’ எழுத்தின் மேற்பகுதி மூங்கிலைக் குறிக்கும் உறுப்பு. கீழ்ப்பகுதி வளைதற் பொருளைத் தரும் உறுப்பு. காற்றில் மூங்கில் வளைவது போலச் சிரிப்பவன் உடல் வளைகின்றான். ஆகவே எழுத்து இவ்வாறு அமைந்தது என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். கேட்பார்க்கு இனிதாகலின் இது நூல்தோறும் எடுத்தாளப்படுகின்றது.

ஆனால் இவ்விளக்கம் எழுத்துப் பிறந்த காலத்தது அன்று. கி.பி. 100 ஆம் ஆண்டளவில் சூ ஷென் தொகுத்த பழஞ்சீன எழுத்தகராதியின் நமக்குக் கிடைத்துள்ள வடிவில் இவ்வெழுத்து பின்னர்ச் சேர்க்கப்பட்டதாகவே நிற்கின்றது. தாங் காலத்து லி யாங்பிங் மூங்கில் வளைவு விளக்கத்தை உரைத்தார். 986 இல் அவ்வகராதியைத் திருத்திப் பதிப்பித்த சூ சுவான் அதனை ஏற்று எழுத்தையும் சேர்த்தார். 1815 இல் தம் பேருரையை வெளியிட்ட துவான் யூத்சாய் இதனை ஏலாமல், கீழ்ப்பகுதி நாயைக் குறிக்கும் உறுப்பே எனக் கொண்டார். 1993 இல் ஊபே மாநிலத்துக் குவோதியன் என்னுமிடத்துக் கல்லறையில் வெளிப்பட்ட மூங்கிலேடுகளில் லாவோட்சுவின் நூற்பகுதிகள் இருந்தன. அவற்றுள் இவ்வெழுத்து மேலே புல்லைக் குறிக்கும் உறுப்பும் கீழே நாயைக் குறிக்கும் உறுப்புமாகவே எழுதப்பட்டுள்ளது. மூங்கிலும் இல்லை; வளைவும் இல்லை.

இதனால் நாம் பெறும் படிப்பினை ஒன்றுண்டு. அழகிய விளக்கம் மெய்யான விளக்கமாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. பிற்கால வடிவத்தைக் கண்டு முற்காலக் காரணத்தைக் கற்பித்தல் எளிது. நகை என்னும் சொல் அணிகலனையும் குறித்தலைக் கண்டு, அணிந்தவர் மகிழ்ந்து நகுதலின் அப்பெயர் பெற்றது என்று கூறுதலும் அத்தகைய எளிய வழியே. நகு என்பதற்கு ஒளிர்தல், மலர்தல் என்னும் பொருள்களும் அகராதிகளில் உள. ஒளிரும் பல், ஒளிரும் முத்து, ஒளிரும் அணி, விரியும் மலர், விரியும் முகம் என்னும் இவற்றை ஒரு குடும்பமாகக் கொண்டு நோக்குதலே பொருந்தும்.

மலர்தற் பொருள் சீனத்திலும் உண்டு என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தாங் காலத்துச் சுய் ஹூ பெயரில் வழங்கும் புகழ்பெற்ற குறும்பாட்டில் பீச்சு மலர்களுக்கு உரிய வினையாக இவ்வெழுத்தே வருகின்றது. இவ்வெழுத்தின் மாற்று வடிவம் ஒன்று சப்பானுக்குச் சென்று, அங்கு பெரும்பாலும் பூத்தலைக் குறிப்பதாயிற்று. இவ்வொற்றுமை கொண்டு மொழிகளிடை உறவு கற்பித்தல் பிழையாகும். முகம் விரிதலும் பூ விரிதலும் ஒன்றையொன்று நினைவூட்டுதல் மாந்தர்க்குப் பொதுவான காட்சி என்பதே இதன் பயன்.

3. அடைமொழியின் தொழில்

ஓரெழுத்து இருபொருளையும் தாங்குமாயின் வேறுபாடு எங்ஙனம் விளங்கும்? சீனத்தில் அடையே அதனை விளக்கும். ‘வெய்சியாவ்’ என்பது நுண்ணிய நகை, அதாவது முறுவல். ‘தாசியாவ்’ என்பது பெருநகை. ‘லெங்சியாவ்’ குளிர்ந்த நகை, இகழ்ச்சியைக் காட்டுவது. ‘கூசியாவ்’ கசந்த நகை, துன்பத்தை மறைப்பது. தமிழிலும் புன்மை என்னும் அடை சேர்ந்தே புன்னகை ஆயிற்று. இளநகை, குறுநகை, பெருநகை என்பனவும் அவ்வாறே அமைந்தன. ‘வெய்சியாவ்’ என்பதனையும் ‘புன்னகை’ என்பதனையும் உறுப்புறுப்பாகப் பிரித்து நோக்கின் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும்.

தமிழுக்கு வேறொரு வளமும் உண்டு. முறுவல், மூரல் என்னும் சொற்கள் பல்லையும் குறிக்கும். அது தோன்றும் அளவிலான நகையையும் குறிக்கும். திருக்குறள் 1113 இல் முறுவல் என்பது பல்லையே குறித்தது.

ஆனால் அடை அளவைக் கூறுமேயன்றிக் கருத்து முழுவதையும் கூறாது. இதற்கு நெரவித் தெருவில் வழங்கும் பேச்சே சான்று. ‘என்னைப் பார்த்துச் சிரித்தார்’ என ஒருவர் மகிழ்ந்து கூறின் அது முகமன். அதே தொடரை அவர் முகஞ்சுளித்துக் கூறின் அது ஏளனம். ‘ஊர் சிரிக்கும்’ என்றும் ‘சந்தி சிரிக்கிறது’ என்றும் கூறுமிடத்து ஒருவர் வாயிலிருந்தும் ஒலி எழவேண்டுவதில்லை. ஆண்டுச் சிரித்தல் என்பது பழி பரவுதல். சிறிதோ பெரிதோ என்னும் அளவுகோல் அவ்விடத்தே பயனற்றுப் போகின்றது.

மென்சியசு ஓர் அரசனுக்குக் கூறிய உவமையும் இத்தகையது. போர்க்களத்தினின்று ஐம்பது அடி ஓடிய வீரன், நூறு அடி ஓடியவனைக் கண்டு நகைத்தால் அது தகுமோ என அவர் வினவினார். அங்கு வரும் எழுத்தும் ‘சியாவ்’ என்பதே. ஓடியவன் உரக்கச் சிரித்தானா, இதழ்க்கடையில் முறுவலித்தானா என்பதை அறிய வேண்டுவதில்லை. அவனுக்கு நகைக்கும் தகுதி உண்டா என்பதே வினா. லாவோட்சுவின் நூலிலும், நெறியைக் கேட்ட கடைநிலை மாணாக்கன் பெருநகை நகைப்பதாக ஓரிடம் உண்டு. அவன் நகையாவிடின் அது நெறியாகாது என்று தொடரும். ஆண்டு நகை அளப்பது நகைக்கப்பட்ட பொருளையன்று, நகைத்தவனையே.

4. தொல்காப்பியரின் வினா

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர், அதன் நிலைக்களன் நான்கு என்றார். எள்ளல் ஒன்று, இளமை ஒன்று, பேதைமையும் மடனும் ஏனைய இரண்டு. வடமொழி நாட்டிய நூலோ நகையை ஆறாகப் பகுத்தது. பல் தோன்றாத முறுவல் தொடங்கி உடல் குலுங்கும் பெருஞ்சிரிப்பு ஈறாக அவை ஏறிச் செல்லும். உயர்ந்தோர்க்கு இரண்டு, இடைப்பட்டோர்க்கு இரண்டு, கீழோர்க்கு இரண்டு என அவை மாந்தர் நிலையோடும் பொருத்தப்பட்டன.

இவ்விரு பகுப்பும் விடையளிக்கும் வினாக்கள் வேறு. நாட்டிய நூல், ‘எவ்வளவு நகைத்தான், எத்தகையோன் நகைத்தான்’ என வினவுகின்றது. மேடையில் நடிப்பானுக்கு அவ்வினா இன்றியமையாதது. தொல்காப்பியம், ‘எதன்பொருட்டு நகைத்தான்’ என வினவுகின்றது. செய்யுளைக் கற்பானுக்கு இவ்வினாவே இன்றியமையாதது.

உரையாசிரியர் அளவை மறந்தாரல்லர். முறுவலித்தல், அளவாகச் சிரித்தல், பெருகச் சிரித்தல் என்னும் மூன்றனைப் பேராசிரியர் உரை குறிக்கின்றது. ஆயினும் அவர் உரை விரிவது களன் நான்கின்மேல்தான். எள்ளலை விளக்குமிடத்து, தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் என அவர் இரண்டாக்கினார். எள்ளுவோன் மட்டுமன்றி எள்ளப்பட்டோனும் நகுவான் என்னும் இந்நுட்பம் பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

5. குறளில் நகு

இந்நெறியைத் திருக்குறளில் வைத்துச் சோதிப்போம். 1094 ஆம் குறளில் தலைவன் நோக்காதபோது தலைவி அவனை நோக்கி நகுகின்றாள். ‘மெல்ல’ என்னும் அடை அங்கு உளது. 1098 இல் ‘பைய’ என்பது அவ்விடத்தைப் பெறுகின்றது. இவ்விரண்டிற்கும் முறுவல் என உரை கூறுதல் பொருந்தும். 1274 இல் நகை ஓர் அரும்பாகின்றது. மணத்தை உள்ளடக்கிய மலரரும்பு போல, அவள் நகையரும்பும் ஒரு குறிப்பை உள்ளடக்கியுள்ளது. மலர்தற் பொருளும் நகுதற் பொருளும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இடம் இது.

இனி, 271 ஆம் குறளில் வஞ்ச மனத்தான் ஒழுக்கத்தைக் கண்டு ஐம்பூதங்கள் அவன் உள்ளிருந்தே நகுகின்றன. 1040 இல், பொருளில்லை எனச் சோம்பியிருப்பாரைக் கண்டு நிலமகள் நகுகின்றாள். இவற்றை முறுவல் என்பதா, சிரிப்பு என்பதா? ஐம்பூதங்களுக்கு இதழும் இல்லை, ஒலியும் இல்லை. இவ்விடங்களில் அளவு பற்றிய வினாவே எழாது. களன் எள்ளல் என்றறிந்தால் பொருள் முடிந்தது. 953 இல் நற்குடிப் பிறந்தார்க்குரிய பண்பாக நகை வருகின்றது. பரிமேலழகர் அதனை முகமலர்ச்சி எனக் கொண்டார். அங்கு எள்ளல் முதலிய நான்கனுள் யாதும் களனாகாது. மலர்தற் பொருளே நிற்கின்றது. 786 இல் முகம் நகுதலும் அகம் நகுதலும் வேறாகப் பேசப்படுகின்றன. அகத்துக்கு நிகழ்வதைச் ‘சிரிப்பு’ எனப் பெயர்த்தால் குறள் குறைவுபடும். ‘மலர்ச்சி’ எனின் நிறைவுபெறும்.

ஆகவே ஒரே புலவர் ஒரே வினையை முறுவலுக்கும், மலர்ச்சிக்கும், ஒலியற்ற இகழ்ச்சிக்கும் ஆண்டுள்ளார். ஒவ்வோரிடத்தும் பொருளைத் தருவன மூன்று: அடை, களன், யார் முன் யார் நகுகின்றார் என்னும் உறவு. இம்மூன்றனையும் நோக்காது ஒரு சொல்லுக்கு ஒரு சொல் மாற்றிவைத்தல் உரையாகாது.

6. காரைக்காற்பேயின் நகை

இம்முறையால் பெரும்பயன் விளைவது நெரவிக்கு வடக்கே அடுத்துள்ள காரைக்காலின் பெருமாட்டி பாட்டில்தான். கி.பி. 5, 6 ஆம் நூற்றாண்டினர் எனப் பெரும்பாலார் கருதும் காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு பாடினார். அவற்றுள் முதற்பதிகத்தின் இரண்டாம் பாட்டில் சுடுகாட்டுப் பேய் ஒன்றன் செயல்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. அது கள்ளிக் கிளைகளின் நடுவே காலை நீட்டி அமர்கின்றது, எரிந்த கொள்ளியை எடுத்துக் கரியை மசித்து மை தீட்டிக்கொள்கின்றது, நகுகின்றது, பின் வெருள்கின்றது, பக்கம் பார்க்கின்றது, துள்ளுகின்றது, பிணத்தீ சுட்டுவிடச் சினந்து, புழுதியை அள்ளி அத்தீயை அவிக்க முயல்கின்றது.

இப்பாட்டில் நகுதல் ‘நக்கு’ என்னும் எச்சமாய் நிற்க, அதற்கு முன் ‘வெடுவெடு’ என்னும் இரட்டைக்கிளவி வருகின்றது. எனவே இது முறுவல் அன்று. ஒலியுடைய சிரிப்பு என்பது வெளிப்படை. உரைகளும் ‘சிரித்து’ என்றே கூறும். அளவைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் அவ்வளவில் நின்றுவிடின், பேயின் சிரிப்பு அச்சத்தை விளைப்பது என்னும் பொதுக்கருத்தே பாட்டின் கருத்தாகிவிடும். வகுப்பறையில் இப்பதிகத்தை அச்சத்துக்கும் இளிவரலுக்கும் மட்டும் எடுத்துக்காட்டாகக் கூறிவருதல் இதன் விளைவே.

களனை நோக்குவோம். இப்பேய் பிறரை அச்சுறுத்த நகவில்லை. நகைத்தபின் தானே வெருள்கின்றது. தன் செயலின் பயனை அறியாது தீயருகே அமர்ந்து சுடப்படுகின்றது. சுட்ட தீயோடு சிறுகுழவி போலச் சினந்து பொருகின்றது. இவை பேதைமையும் இளமையும் ஆகிய களன்கள். நகைப்பது பேய் மட்டுமன்று. கற்கும் நாமும் நகைக்கின்றோம். அச்சத்துக்குரிய இடத்தில் நகை பிறக்குமாறு பாட்டு அமைக்கப்பட்டுள்ளது.

இனி உறவை நோக்குவோம். பாடியவர் யார்? பெண்ணுக்குரிய எழிலை வேண்டாவென உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெற்றவர் எனச் சேக்கிழார் போற்றியவர். தம் பதிக முடிவில் தம்மைக் ‘காரைக்காற்பேய்’ என்றே கூறிக்கொண்டவர். அவர் காண்பதோ பிணத்தீயின் கொள்ளியால் மை தீட்டி ஒப்பனை செய்துகொள்ளும் ஒரு பெண்பேய். எழிலைத் துறந்து பேயானவர், பேயாகியும் எழிலை விடாத ஒன்றனைக் காண்கின்றார். இந்நகையின் அடியில் எள்ளலும் உண்டு. அவ்வெள்ளல் அயலாரை நோக்கியதன்று. தாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவராகத் தம்மைக் கூறிக்கொண்டமையின் அது தம்மையும் உள்ளடக்கியது. எள்ளப்பட்டாரும் நகுவர் எனப் பேராசிரியர் வகுத்த நுட்பத்துக்கு இதனினும் சிறந்த இலக்கியம் காண்டல் அரிது. லாவோட்சு கூறிய கடைமாணாக்கன் நெறியைக் கண்டு நகைத்தான். அம்மையார் நெறியினுள் நின்று தம் இனத்தைக் கண்டு நகுகின்றார்.

இவ்வாறு கொள்வதால் பதிகத்தின் அச்சம் நீங்கிவிடும் என யாம் கூறவில்லை. சுடலையும் பிணமும் தீயும் அங்கேயே உள. அவற்றின் நடுவே இறைவன் ஆடுகின்றான். அஞ்சத்தக்க அவ்விடத்தை அம்மையார் தம் வீடாகக் கண்டார் என்பதற்கு இந்நகையே சான்று. அயலான் அஞ்சுமிடத்தில் வீட்டார் நகுதல் இயல்பன்றோ? ‘சிரித்து’ என்னும் ஒரு சொல்லோடு கடந்துசெல்லும் உரை இச்சான்றினை நமக்கு மறைத்துவிடுகின்றது.

நெரவிக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினம் உளது. 15 ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரும் அதிமதுரகவியும் மாறுபட்டதாகக் கூறும் கதைகளுக்கு அவ்வூரே களம். காளமேகத்தின் தனிப்பாடல்கள் பலவற்றில் நகு என்னும் சொல் வராமலே நகை பிறக்கின்றது. அது பிறரை நோக்கிய எள்ளல். வடக்கே தம்மையும் உட்கொண்ட எள்ளல், தெற்கே பிறர்மேற் செல்லும் எள்ளல். இவ்விரண்டும் ஒரு சொல்லில் அடங்கும். ஒரு பொருளில் அடங்கா.

7. முடிபு

சீனர்க்கு ‘சியாவ்’ இன்றும் வாழும் எழுத்து. லாவோட்சுவின் நூலிலும் நாளிதழிலும் அதுவே வருகின்றது. நமக்கோ நகு பேச்சுவழக்கினின்று விலகிவிட்டது. சிரி அதன் இடத்தைக் கொண்டது. நகை எனக் கேட்ட அளவில் மாணாக்கர்க்கு நினைவில் எழுவது நகைக்கடையே. ஆகலின் பழம்பாட்டில் இச்சொல்லைக் காணும்போது நமக்கு மொழிபெயர்ப்பாளர்க்குரிய எச்சரிக்கை வேண்டும். சீனப் பாட்டை அயன்மொழியிற் பெயர்ப்பார் ஒவ்வோரிடத்தும் ‘சிரிப்போ, முறுவலோ’ எனத் தயங்கி நிற்பர். அத்தயக்கம் நமக்கு இல்லாமற்போனதே நம் இடர்ப்பாடு.

யாம் வேண்டுவது இதுவே. நகை வருமிடந்தோறும் உரையாசிரியர் அடையை நோக்குக, களனை வினவுக, நகுவோர்க்கும் நகப்படுவோர்க்கும் உள்ள உறவை அறிக. அதன்பின் சிரிப்பு, முறுவல், மலர்ச்சி, எள்ளல் என்பனவற்றுள் பொருந்துவதைத் தேர்க. ஒன்றும் முற்றப் பொருந்தாவிடின் நகை என்றே நிறுத்தி விளக்கம் எழுதுக. முதுகலை மாணாக்கர், எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றனை எடுத்து, அதில் நகு வருமிடங்களை எல்லாம் தொல்காப்பியர் களன் நான்கில் வகுத்தும், அவற்றுள் அடங்காதவற்றைத் தனியே தொகுத்தும் காட்டின், இக்கட்டுரை கூறியது எவ்வளவு நிலைபெறும் என்பது தெளிவாகும். அடங்காதவை மிகுமாயின் எம் கருத்தைத் திருத்திக்கொள்ள யாம் ஆயத்தமாயுள்ளோம்.